சந்தனம் பூசிய டிஸ்க்

ஆயுத பூசை முடிந்த மாதத்தில் எந்தப் பெட்டியையும் பழைய குறிப்பை நம்பித் திறக்காதீர்கள் என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கொழும்பில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். சிரியுங்கள். ஆனால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருப்பது ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வட்டவளையிலோ என்றால், சிரித்து முடித்த பிறகு இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

டிஸ்க் அடுக்கு ஒன்றில் புதிய டிஸ்க்கை எப்படிச் சேர்ப்பது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பெட்டியோடு வரும் சின்னப் புத்தகமே சொல்கிறது, படமும் போட்டிருக்கிறார்கள். பழையதை இழு, புதியதைத் தள்ளு, பொத்தானை அழுத்து. முப்பத்தொரு வருட வேலையில் எத்தனையோ டிஸ்க்குகளை மாற்றியிருக்கிறேன். ஒன்றைத் தவிர மற்ற எதுவும் எனக்கு நினைவில்லை. ஒழுங்காக நடந்த வேலையை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நினைவில் நிற்கும் அந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. ஒரு தோட்டக் கம்பெனியின் பிராந்திய அலுவலகத்தில் இருந்தேன். தலவாக்கலை டவுனுக்குக் கொஞ்சம் மேலே, பழைய பங்களா ஒன்றின் பக்கவாட்டில் நான்கு அறைகள், எட்டுப் பேர். மின்சாரத்தில் ஓடும் எதுவாக இருந்தாலும் அது என் தலையில்தான் விழும். பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் நான், போட்டோ கொப்பி மெஷினுக்குள் எலி குடும்பம் நடத்தினாலும் நான்.

அந்த அலுவலகத்தின் எல்லா ஆவணங்களும் ஒரே பெட்டியில் இருந்தன. நானே சாமான் வாங்கிக் கோத்த பெட்டி. முன்பக்கம் நான்கு துளைகள், துளைக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு டிஸ்க். அலுவலகப் பியோன் மாணிக்கம் அதற்குத் தோட்டத்து வரிசை வீடுகளின் பெயரையே, 'லயம்' என்று வைத்திருந்தார். ஒவ்வொரு துளையும் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறை, ஒரு காம்பரா. முதலாம் காம்பரா, இரண்டாம் காம்பரா என்று நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்லப் பழகியிருந்தோம்.

இந்த மாதிரி நான்கு டிஸ்க் சேர்ந்த பெட்டி வேலை செய்யும் விதத்தைப் புதியவர்களுக்கு நான் எப்போதும் ஒரே மாதிரித்தான் விளக்குவேன். மாரியம்மன் சப்பரத்தை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் கால் இடறினால் மற்ற மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். இன்னொருவரும் கையை விட்டால் சப்பரம் தரையில்தான். ஒருவர் விழுந்ததும் புதிய ஆளைத் தோள் கொடுக்கச் சொல்கிறோமே, அதுதான் டிஸ்க் சேர்ப்பது.

அந்தப் பெட்டியில் ஸ்டெல்லாவின் மூன்று வருட உழைப்பு இருந்தது. ஸ்டெல்லா எங்கள் அலுவலக எழுதுவினைஞர். தோட்டத்து டீச்சர் ஒருவரின் மகள். எங்கள் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளில் பிள்ளைப்பேற்றுப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். எந்த லயத்தில், எந்தத் தேதியில், யாருக்கு, என்ன பிள்ளை பிறந்தது என்று டிஸ்பென்சர் எழுதி வைப்பார். அந்தக் காலத்தில் நிறையப் பேர் அதோடு நின்றுவிட்டார்கள். பதிவாளரிடம் போய்ப் பிறப்பைப் பதிய ஒரு நாள் வேலையை விட வேண்டும், பஸ் ஏற வேண்டும், சிங்களத்தில் பேச வேண்டும். ஆகவே பிறந்ததற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைத் தவிர வேறு சாட்சியே இல்லாதவர்கள் இன்றைக்கும் மலையில் இருக்கிறார்கள். ஸ்டெல்லா அந்தப் புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து பெட்டியில் ஏற்றினார். எங்கள் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவுப் புத்தகங்களைக் கடைசியாக ஏற்றி முடித்த கையோடு மழை பிடித்தது. அந்தப் பிரிவு டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து கட்டடத்தின் பாதியை மூடியது. ஆளுக்குச் சேதமில்லை. புத்தகங்கள் சேறாகிவிட்டன. ஆகவே கீழ்ப்பிரிவைப் பொறுத்தவரை ஸ்டெல்லாவின் ஸ்கேன்தான் மூலம்.

வேறு இடத்தில் நகல் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவேன். கடைசியாக அனுப்பிய நகல் கீழ்ப்பிரிவை ஏற்றுவதற்கு முந்தியது. அடுத்த நகல் எடுக்க நாள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாள் வரவில்லை என்பதைவிடச் சோம்பேறித்தனமான காரணம் நம் தொழிலில் கிடையாது.

இனி ஆயுத பூசை. தோட்டத்து ஆயுத பூசை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குத் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குக்கூட ஓய்வு. எங்கள் அலுவலகத்தில் டைப்ரைட்டர் இருந்த காலத்திலிருந்தே மாணிக்கம்தான் பூசையை நடத்துவார். அந்த வருடம் எனக்கு வட்டவளையில் மனைவி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது பெட்டியை நானே அணைத்துவிட்டு, இந்த முறை நம்ம லயத்துக்கும் பூசை செய்துவிடுங்கள், தூசி இல்லாமல் நன்றாகத் துடைத்து வையுங்கள் என்று மாணிக்கத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி மின்னியது. நான்கு தட்டுக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் பூ. பெட்டியைப் போட்டேன், ஓடியது. மாணிக்கத்தைப் பாராட்டவும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு டிஸ்க் படுத்தது. பெட்டி அதைத் தானாகவே ஒதுக்கிவிட்டு மூன்றில் ஓடியது. எந்த டிஸ்க் என்பதைத் திரையில் இலக்கமாகச் சொல்லும். ஒவ்வொரு டிஸ்க்கின் உடம்பிலும் தொழிற்சாலையில் ஒட்டிய இலக்கம் ஒன்று உண்டு. தட்டுகளில் விளக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்த விளக்கு ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் சொல்லும், சுகமாக இருக்கிறாரா என்று சொல்லாது. அதனால்தான் பெட்டியைக் கோத்த அன்றே எந்தக் காம்பராவில் எந்த இலக்கம் என்று எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். என் சொந்தக் கையெழுத்து, மேலே டேப்.

புதிய டிஸ்க் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை டவுன் மண்டபத்தில் நடமாடும் சேவை. பிரதேச செயலகம், பதிவாளர், அடையாள அட்டை கொடுக்கும் ஆள் பதிவுத் திணைக்களம் என்று எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். கீழ்ப்பிரிவில் மட்டும் நாற்பத்து மூன்று பேருக்குப் பிறப்பைப் பிந்திப் பதிய வேண்டியிருந்தது. அவர்களுடைய பக்கங்களை அச்செடுத்து, அலுவலக முத்திரை குத்தி வெள்ளிக்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு.

அதில் ஒருவர் புதன்கிழமையே வந்துவிட்டார். பெயர் லெச்சுமி, நாற்பது வயதிருக்கும், கொழுந்து எடுப்பவர். புதிய வீட்டுத் திட்டத்தில் அவருக்கு ஏழு பேர்ச் காணி ஒதுக்கியிருந்தார்கள். காணி உறுதிப் பத்திரம் எழுத அடையாள அட்டை கேட்டார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த வரியைக் கேட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், அரைநாள் சம்பளமாக அரைப்பேர் விழுந்தாலும் பரவாயில்லை என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். தன்னுடைய பக்கம் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ஸ்டெல்லா தேடி எடுத்து, திரையில் காட்டி, அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். தாய் பெயர், ஏழாம் நம்பர் லயம், பெண் பிள்ளை, தேதி. லெச்சுமி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். ஸ்டெல்லா வாசித்தார். பக்கம் பக்கவாட்டில் படுத்த மாதிரி ஸ்கேன் ஆகியிருந்தது. வந்தது வந்துவிட்டார், இப்போதே அச்செடுத்துக் கொடுப்போம் என்று ஸ்டெல்லா அதை நிமிர்த்திச் சேமித்துக்கொண்டிருந்தார்.

அதே அறையின் மூலையில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் பெட்டிக் கதவைத் திறந்தேன். யாரிடமும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. இது ஐந்து நிமிட வேலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கதவில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். படுத்த டிஸ்க் மூன்றாம் காம்பரா. மூன்றாம் தட்டை இழுத்தேன்.

கையில் சந்தனம் ஒட்டியது. காய்ந்த சந்தனம். தட்டின் முகப்பில் அல்ல, உள்ளே, டிஸ்க்கின் மேல், இலக்கம் ஒட்டிய இடத்தில். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டு புதிய டிஸ்க்கைத் தள்ளினேன்.

எனக்குப் பின்னால் ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னார்.

"சேர், படம் போயிருச்சு."

ஒவ்வொரு மேசையிலிருந்தும் அதையே சொன்னார்கள். திரையில் பெட்டி தனக்கு இரண்டு டிஸ்க்தான் தெரிகிறது என்றது. சப்பரம் தரையில். அப்போதுதான் இழுத்த டிஸ்க்கில் சந்தனத்தைச் சுரண்டி இலக்கத்தை வாசித்தேன். கதவில் மூன்றாம் காம்பராவுக்கு எழுதியிருந்த இலக்கம் அது இல்லை. நல்ல டிஸ்க்கை உருவிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி நின்று, பெட்டியில் யார் கை வைத்தது என்று கத்தினேன். யாரும் வைக்கவில்லை. எட்டுப் பேர் இருக்கும் அலுவலகத்தில் எட்டுப் பேரும் எதையும் தொட்டதே இல்லை. மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு உங்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கும். யார் என்று கேட்டால் ஆள் ஒளிந்துகொள்வான். அவனோடு சேர்ந்து நடந்த விஷயமும் ஒளிந்துகொள்ளும்.

சத்தம் கேட்டு மனேஜர் உள்ளறையிலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். வெள்ளிக்கிழமைக்குப் பிரதேச செயலாளரிடம் வாக்குக் கொடுத்தவர் அவர்தான். என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார். திரையில் பெரிதாக ஒரு பொத்தான் இருந்தது.

"ரிப்பெயார்னுதானே போட்டிருக்கு? அமத்துங்க."

என் விரல் அந்தப் பொத்தானின் மேல் போய்விட்டது. பெட்டிக்கு அப்போது தெரிந்தது இரண்டு பழைய டிஸ்க்கும் ஒரு வெறும் டிஸ்க்கும். அதை வைத்துச் 'சரிசெய்' என்றால், இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும். வீடு எரிந்த பிறகு முற்றத்தைக் கூட்டிக் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொழும்பில் எனக்கு மேலே ஒரு சிங்கள அதிகாரி இருந்தார். திரையில் சிவப்பாக எது வந்தாலும் அவர் முதலில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு "அத்த கஹன்ன எப்பா" என்பார். கை வைக்காதே. பிறகு எழுந்து போய்ப் பால் போடாத பிளேன்டீ ஒன்று குடிப்பார். மேலதிகாரிகள் நின்று கத்திக்கொண்டிருக்கும்போதும் குடிப்பார். அவருக்குப் பின்னால் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உடைந்தது ஐந்து நிமிடத்தில் மேலும் உடையாது, நீ கை வைத்தால்தான் உடையும் என்று அவர் ஒருநாள் விளக்கினார். அதற்கும் சிரித்தோம்.

நான் விரலை எடுத்தேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். இப்போது எதையும் அழுத்த முடியாது என்று மனேஜரிடம் சொன்னேன். அப்படியென்றால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பிளேன்டீ குடிக்கப் போகிறேன் என்றேன். அவருடைய முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

மாணிக்கம் டீ கொண்டுவந்தார். மேசையில் அந்த டிஸ்க் சந்தனத்தோடு கிடந்தது. லெச்சுமி பெஞ்சிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எப்படிச் சந்தனம் போனது என்று நான் ஸ்டெல்லாவிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எங்க பெக்டரியிலயும் அப்பிடித்தாங்க. ரோலரக் கழட்டி, கழுவி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பொட்டு வச்சித்தான் திருப்பிப் பூட்டுவாங்க. மேலாப்புல பூசுனா அது பூசையா?"

குற்றம் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. உலகத்துக்கே தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லையே என்ற வியப்பில் சொன்னார். நான் மாணிக்கத்தைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். யார் என்று கேட்கவில்லை. இந்த வருடம் பூசையை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். நான்கு தட்டையும் உருவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, தாம்பாளத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, திரும்பச் செருகியிருக்கிறார். எந்த வரிசையில் செருகினீர்கள் என்று கேட்டபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"நாலும் ஒரே அச்சுங்க சேர். எது எங்க இருந்துச்சுன்னு பாக்கல. அப்பறம் நீங்க போட்டதும் ஓடுச்சு, அதான் சொல்லல."

ஓடத்தான் செய்யும். இந்த மாதிரிப் பெட்டிக்கு ஆளைத் தெரிந்தால் போதும், எந்தக் காம்பராவில் குடியிருக்கிறார் என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆட்கள் எல்லோரும் காம்பரா மாறிக் குடிபோய் மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. நான் பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறேன். மாணிக்கம் நான் சொன்னதைச் செய்தார். நான் சொன்னதைவிடச் சிரத்தையாகவே செய்தார். ஒரு டிஸ்க் தன் இலக்கத்தைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு என் கைக்குள் வந்தது. அதை வாசிக்காமல் என் கையெழுத்தை நம்பினேன். பிழை அங்கேதான் நடந்தது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். பெட்டியை அணைத்தோம். எல்லா டிஸ்க்கையும் மேசையில் பரப்பி, பஞ்சால் சந்தனத்தைத் துடைத்து, மாணிக்கம் இலக்கத்தை வாசிக்க ஸ்டெல்லா எழுதினார். படுத்த டிஸ்க் முதலாம் காம்பராவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் உருவிய நல்ல டிஸ்க்கை அதன் இடத்தில் வைத்து, பெட்டியைப் போட்டு, இந்த மூன்று பேரும் பழைய ஆட்கள்தான், சேர்த்துக்கொள் என்று கட்டளை கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நொண்டிக்கொண்டு எழுந்தது. மனேஜர் பெருமூச்சு விட்டு, சரி, இப்போது புதிய டிஸ்க்கைப் போட்டு முடியுங்கள் என்றார்.

போடவில்லை. புதிய ஆள் தோள் கொடுக்க வந்தால், பழைய மூவரும் தங்களிடம் இருப்பதையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை அவருக்கு ஒப்பிக்க வேண்டும். ஒரு முழு நாள் மூச்சு முட்ட வேலை. மூவருக்கும் ஒரே வயது, படுத்தவரோடு ஒன்றாக வந்தவர்கள். இடையில் இன்னொருவர் விழுந்தால் முடிந்தது. முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் கீழ்ப்பிரிவு முழுவதையும் நகல் எடுத்தேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அதே ஒன்றரை மணித்தியாலம் அன்று காலையிலும் என்னிடம் இருந்தது.

நகல் முடிந்ததும் ஸ்டெல்லா நாற்பத்து மூன்று பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றும் திறந்தது. கடைசியில் ஒன்று திறக்கவில்லை. திரும்பவும் பார்த்தார். நானும் பார்த்தேன். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நான் தட்டை இழுத்த நொடியில் பெட்டி எழுதிக்கொண்டிருந்த ஒரே ஒரு பக்கம் அது. ஸ்டெல்லா நிமிர்த்திச் சேமித்துக்கொண்டிருந்த பக்கம். லெச்சுமி அன்று வராமல் இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள். மற்ற நாற்பத்து இரண்டையும் போல அதுவும் தப்பியிருக்கும்.

அவர் அப்போதும் பெஞ்சில்தான் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. சொல்ல வேண்டியவன் நான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்களுடைய பக்கம் போய்விட்டது, என்னுடைய பிழையால் போனது, மற்ற எல்லோருடையதும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் பொறக்கலையாங்க சேர்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வியாழக்கிழமை ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பக்கம் எங்களிடம் இருந்தது, புதன்கிழமை காலைவரை இருந்தது, நான் கவனமில்லாமல் செய்த வேலையால் அழிந்தது என்று. மனேஜர் அதை வாசித்துவிட்டு, 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டால் போதாதா என்றார். பெட்டி எந்தக் கோளாறும் செய்யவில்லை என்றேன். அப்படியென்றால் கம்பெனித் தலைப்புக் கடதாசியில் வேண்டாம் என்றார். அவர் பக்கம் அவருக்கு நியாயம் இருந்தது. வெறும் தாளில் என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஸ்டெல்லா தனியாக ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தார். அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தவர் அவர். தாய் பெயர், லயம், தேதி எல்லாம் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. லெச்சுமி இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அன்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை டவுன் மண்டபத்தில் நாற்பத்து இரண்டு பேர் முத்திரை குத்திய தாளோடு வரிசையில் நின்றார்கள். லெச்சுமி எங்கள் கடிதங்களோடு நின்றார். பக்கத்தில் நான். மேசையில் இருந்த அதிகாரி நடுத்தர வயதுச் சிங்களப் பெண். கடிதத்தை நிதானமாக வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தை நான் கண்ணால் கண்டேனா என்று சிங்களத்தில் கேட்டார். கண்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஒரு எண்ணம். நான் காணவில்லை என்றேன். அழித்தது மட்டும்தான் நான். அவர் கடிதங்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு, இது விசாரணைக்குப் போக வேண்டும் என்றார்.

ஏழு மாதம் போனது. லெச்சுமி பிறந்த நாளில் அதே லயத்தில் இருந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தோம். அவர்களில் ஒருவர் ஹட்டனில் மகள் வீட்டில் இருந்தார். கிராம சேவகர் கடிதம், இன்னும் இரண்டு சத்தியக்கடதாசி, நான்கு தடவை பிரதேச செயலகம். நான்கு தடவையும் நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். நான்கு தடவையும் அவருக்குப் பேர் விழவில்லை, அன்றைய சம்பளம் இல்லை. பஸ்ஸில் நாங்கள் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை மட்டும், அந்த மிசின் இப்போது நல்லா இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். புதிய டிஸ்க்கை அந்தச் சனிக்கிழமையே போட்டிருந்தேன். இலக்கத்தை ஸ்டெல்லா வாசிக்க, மாணிக்கம் சரிபார்க்க, அலுவலகம் பூட்டியிருக்கும்போது போட்டேன். ஞாயிறு மத்தியானம் எல்லாம் சரியாகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

சான்றிதழ் கிடைத்த அன்று லெச்சுமி அலுவலகத்துக்கு வந்தார். எங்களிடம் காட்ட வேண்டும் என்று வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மாணிக்கம் வாங்கிப் பார்த்தார், மனேஜர் பார்த்தார், எல்லோரும் பார்த்தோம். ஸ்டெல்லா பழக்கதோஷத்தில், இங்கே தாருங்கள், ஒரு நகல் ஏற்றி வைக்கிறேன் என்று கையை நீட்டினார். லெச்சுமி சான்றிதழைச் சட்டென்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்கம்மா. இத மட்டும் மிசின்ல போட்டுறாதீங்க."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.